மழை பெஞ்ச மணி நேரத்தை எந்தக் கணக்குல எழுதுறது

கட்டட சைட்ல அட்டெண்டன்ஸ் பார்க்குறவங்களுக்கு இது நல்லாவே தெரியும், ஒரே மழையை ரெண்டு நோட்டுல ரெண்டு விதமா எழுதுவாங்க. ஒண்ணு ஹின்ட்ரன்ஸ் ரெஜிஸ்டர், அதாவது வேலை தடைபட்டதை எழுதுற பதிவேடு. அதுல "கனமழை, மதியம் 1 மணியிலிருந்து வேலை நிறுத்தம்"னு தேதி போட்டு எழுதி, கிளையண்ட் பக்கத்து இன்ஜினியர்கிட்ட கையெழுத்தும் வாங்கி வச்சுக்குவாங்க, ஏன்னா நாளைக்கு வேலை லேட்டுன்னு அபராதம் போட வந்தா இதைக் காட்டி நாள் நீட்டிப்பு கேக்கலாம். மத்திய பொதுப்பணித் துறை கான்ட்ராக்ட்ல மோசமான வானிலையை அதுக்கு ஒரு காரணமா எழுதியே வச்சிருந்தாங்க, பல நாட்டுல பயன்படுத்துற கட்டுமான ஒப்பந்த மாதிரியான ஃபிடிக் 1999 சிவப்புப் புத்தகத்துலயும் அதே மாதிரி ஒரு பிரிவு இருக்கு. இன்னொரு நோட்டு மஸ்டர் ரோல், ஆளுங்க வருகையையும் கூலியையும் எழுதுற பதிவேடு. அதே தேதி, அதே மதியம் 1 மணி, ஆனா அதுல கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அரை நாள்னு மட்டும் இருக்கும், மழைங்கிற பேச்சே இருக்காது.

மேல போற பேப்பர்ல மழை காரணம், கீழ வர்ற பேப்பர்ல ஆள் குறைச்சலா வேலை செஞ்சாரு. இதை மாத்தணும்னுதான் நான் அட்டெண்டன்ஸ் ஆப்பையும் வானிலை டேட்டாவையும் ஒண்ணா இணைக்கிற வேலையில இறங்கினேன். நெட்ல இந்த மாதிரி ஆட்டோமேஷன் பத்தி தேடினா, "மழை வந்தா ஷிஃப்டை தானா கேன்சல் பண்ணுங்க, ஆள் செலவு மிச்சம்"ங்கிற மாதிரிதான் நிறைய வரும். எனக்கு அது வேண்டாம். எனக்கு வேண்டியது, நேரம் ஏன் குறைஞ்சதுங்கிற காரணம் சம்பளச் சீட்டுலயே ஆள் பேருக்கு நேரா எழுதியிருக்கணும், அவ்வளவுதான், பணம் எவ்வளவுன்னு முடிவு பண்றது மனுஷங்க வேலை.

எங்க சைட் கேளம்பாக்கம் பக்கம். சென்னைக்கு வருஷத்துல பெய்யுற மழையில பாதிக்கு மேல அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள கொட்டிடும், ஆனா சம்பளத் தகராறு அதிகமா வர்றது அந்த மூணு மாசத்துலன்னு நினைச்சா அது இல்ல. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மாதிரி நாள்ல யாருக்கும் சந்தேகமே வராது, ஊரே தண்ணியில நிக்கும்போது யார் வேலைக்கு வந்தாங்கன்னு யாரும் கேக்கப் போறதில்ல. தகராறு வர்றதெல்லாம் ஜூலை ஆகஸ்ட்ல, பகல் முழுக்க வெயில் காஞ்சு, கடல் காத்து உள்ள வந்து, சாயங்காலம் 4 மணிக்கு திடீர்னு இடி மின்னலோட ஒண்ணரை மணி நேரம் அடிச்சுட்டுப் போகுமே, அந்த மழையில. தளம் போட்டுட்டு இருந்த கேங் பாதியில நிக்கும், வெளிப்பூச்சு பண்றவங்க சாரத்துல இருந்து இறங்கி ஷெட்ல ஒதுங்குவாங்க, உள்ள டைல்ஸ் ஒட்டுறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. சனிக்கிழமை கூலி குடுக்கும்போது மேஸ்திரி ஒரு நேரம் சொல்லுவாரு, சூப்பர்வைசர் இன்னொரு நேரம் சொல்லுவாரு, ஒடிசாவுல இருந்து வந்திருக்குற பையன் தமிழ்லயும் சண்டை போட முடியாம இந்தியிலயும் சண்டை போட முடியாம குடுத்ததை வாங்கிட்டுப் போயிடுவான்.

சட்டம் இதைப் பத்தி பேசியிருக்கு, அது நிறைய பேருக்குத் தெரியாது. 1948 குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துல 15-வது பிரிவு, 2019 ஊதியக் கோட்ல அது 10-வது பிரிவா வருது, அந்தக் கோட் 2025 நவம்பர் 21-ல இருந்து அமல்ல இருக்கு. விஷயம் என்னன்னா, நாள் கணக்குல கூலி நிர்ணயிச்ச ஒருத்தர் முழு நாளுக்குக் குறைவா வேலை செஞ்சிருந்தாலும் முழு நாள் கூலிக்கு அவருக்கு உரிமை உண்டு, அவரா வேலை செய்ய மனசில்லாம விட்டிருந்தா மட்டும்தான் கிடையாது, அது போக விதிகள்ல சொல்ற வேற சில சூழ்நிலைகளுக்கும் விலக்கு உண்டு. மழைக்கு இது எவ்வளவு தூரம் பொருந்தும்னு ரெண்டு பக்கமும் வாதம் பண்ணலாம். ஆனா வாதம் பண்றதுக்கே முதல்ல ஒரு பதிவு வேணுமில்லையா, ஆள் சைட்ல தயாரா நின்னாரு, மழையாலதான் வேலை நடக்கலன்னு எழுத்துல இருக்கணும். மஸ்டர் ரோல்ல அரை நாள்னு மட்டும் இருந்தா அவரா போனாருன்னுதான் யாரும் படிப்பாங்க.

சரி, எப்படி பண்ணினேன்னு சொல்றேன். பெரிய சாஃப்ட்வேர் ஒண்ணும் இல்ல. கூகுள் ஷீட், அதுக்குள்ள இருக்குற ஆப்ஸ் ஸ்கிரிப்ட், முகம் பார்த்து அட்டெண்டன்ஸ் போடுற ஒரு ஆப், வானிலைக்கு ஓபன்-மீட்டியோ ஏபிஐ (ஸ்கிரிப்ட் நேரா கேட்டு வானிலை டேட்டாவை வாங்கிக்கிற வழி). கோடு எழுத வேண்டாம்னு நினைக்கிறவங்க சாப்பியர், மேக், எண்-எய்ட்-எண்ங்கிற ஆட்டோமேஷன் டூல் எதுலயாவது பண்ணலாம், சோஹோ பீப்பிள்ல அட்டெண்டன்ஸ் வச்சிருக்குற ஆபீஸ்னா சோஹோ ஃப்ளோ இருக்கு. நான் ஷீட்டை எடுத்ததுக்குக் காரணம், எங்க மேஸ்திரிக்கும் கணக்குப் பிள்ளைக்கும் ஷீட் திறந்து படிக்கத் தெரியும். அவங்களால திறந்து பார்க்க முடியாத ஒரு இடத்துல கணக்கு நடந்தா, அது எவ்வளவு சரியா நடந்தாலும் அவங்க நம்ப மாட்டாங்க.

ஓபன்-மீட்டியோவோட இலவசச் சேவைக்கு சாவி (கேக்குறது யாருன்னு காட்டுற குறியீடு) எதுவும் வாங்க வேண்டாம், அட்சரேகை தீர்க்கரேகை குடுத்தா மணி வாரியா மழை, வெப்பம், ஈரப்பதம், காத்து எல்லாம் குடுக்கும். இலவசம்ங்கிறது வணிகம் இல்லாத பயன்பாட்டுக்கு மட்டும், அதுக்கும் ஒரு நாளைக்கு 10,000 தடவைதான் டேட்டா கேக்கலாம்ங்கிற வரம்பு இருக்கு, கம்பெனி கணக்குக்குன்னா காசு கட்டுற பிளான்தான் எடுக்கணும், தேதியும் பேரும் போட்டு டேட்டா எங்க இருந்து வந்ததுன்னு ஷீட்லயே எழுதியும் வைக்கணும். இதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க, சம்பளக் கணக்குக்கு ஆதாரமா நிக்கப் போற டேட்டா, அது முறையா வாங்கினதா இருக்கணும்.

தினமும் ராத்திரி 7 மணிக்கு ஸ்கிரிப்ட் ஓடும், சைட் ஒவ்வொண்ணுக்கும் அன்னைக்கு மணி வாரி வானிலையை எடுத்து ஒரு தனி ஷீட்ல வரிசையா எழுதும். மறுநாள் காலைல இன்னொரு தடவை முந்தின நாளுக்கு எடுக்கும், நம்பர் மாறியிருந்தா பழசை அழிக்காம பக்கத்துல எழுதும். இந்த அழிக்காம எழுதுறது ரொம்ப முக்கியம். நாளைக்கு ஒருத்தர் வந்து நேத்து இங்க 3 மிமீனு இருந்துச்சே இன்னைக்கு 1 மிமீ ஆயிடுச்சேன்னு கேட்டா ரெண்டையும் காட்ட முடியணும்.

நேரம் விஷயத்துல கவனமா இருக்க வேண்டிய இடம் மூணு இருக்கு. டைம்ஜோன் ஆசியா/கொல்கத்தான்னு கேக்கணும், கேக்காம விட்டா கிரீன்விச் நேரத்துல வரும், அஞ்சரை மணி நேரம் தள்ளி நிக்கும், சாயங்கால மழை காலைல 10 மணிக்குப் பெஞ்ச மாதிரி தெரியும். அடுத்தது, மணி வாரி மழையில 15:00-க்கு எதிர்ல இருக்குற நம்பர் 2 மணியில இருந்து 3 மணி வரைக்கும் பெஞ்ச மழை, 3 மணிக்கு அப்புறம் பெஞ்சது இல்ல. இதைப் பார்க்காம அப்படியே ஷிஃப்ட் நேரத்தோட சேர்த்தா ஒவ்வொரு மழையும் ஒரு மணி நேரம் தள்ளிப் போய் உட்காரும், மேஸ்திரி சொன்னது தப்புங்கிற மாதிரி ஷீட் காட்டும், உண்மையில அவர் சரியாத்தான் சொல்லியிருப்பாரு. மூணாவது, வானிலை மையத்தோட நாள் கணக்கு காலைல 8:30-ல இருந்து மறுநாள் காலைல 8:30 வரைக்கும். அதனால செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நுங்கம்பாக்கத்துல பெஞ்ச மழை புதன்கிழமை தேதியிலதான் அறிக்கையில வரும். ஹின்ட்ரன்ஸ் ரெஜிஸ்டருக்கு அந்த அறிக்கையை இணைக்கிறவங்க தேதியை ஒட்டிப் பார்த்துட்டு, மழை பெய்யாத நாள்ல வேலையை நிறுத்தியிருக்கீங்களேன்னு கேள்வி வாங்குறது உண்டு. வானிலை மையக் கணக்குல 2.5 மிமீ பெஞ்சாலே அது மழை நாள், ஆனா அந்த 2.5 மிமீ ராத்திரி 2 மணிக்குப் பெஞ்சதா மதியம் 2 மணிக்குப் பெஞ்சதான்னு அந்த ஒரு நம்பர் சொல்லாது, கூலிக் கணக்குக்கு வேண்டியதே அந்த நேரம்தான்.

இதெல்லாம் சரியா பண்ணினாலும், ஓபன்-மீட்டியோவுக்குப் பின்னாடி இருக்குற கம்ப்யூட்டர் வானிலை மாடல் குடுக்குற மழை அளவை வச்சு ஒருத்தரோட நேரத்தை நேரடியா முடிவு பண்ணக் கூடாதுங்கிறதுல நான் உறுதியா இருக்கேன். அந்த டேட்டா பல கிலோமீட்டர் அகலக் கட்டம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர், சென்னையோட வெயில்கால இடிமழை தாம்பரத்துல வெளுத்து வாங்கிட்டு கேளம்பாக்கத்துல தூறல் கூடப் போடாம போகும். அதனால சைட்லயே ஒரு மழைமானி வச்சோம். சின்னக் கரண்டி மாதிரி ரெண்டு குழி இருக்கும், ஒண்ணு நிரம்பினா கவுந்து அடுத்தது மேல வரும், ஒவ்வொரு கவுப்புக்கும் 0.2 மிமீன்னு கணக்கு, அந்தக் கவுப்பை இஎஸ்பி32ங்கிற ஒரு சின்னக் கம்ப்யூட்டர் போர்டு எண்ணி வைஃபை வழியா ஷீட்டுக்கு அனுப்பும். இதுல பெரிய டெக்னாலஜி ஒண்ணும் இல்ல, ஆனா வைக்கிற இடம் முக்கியம், பக்கத்துல சுவரோ தார்ப்பாயோ இருந்தா மழை சாய்ஞ்சு விழுந்து அளவு குறையும், சிமெண்ட் தூசி படிஞ்சா குழி கவுறாது, வாரத்துக்கு ஒருக்கா கழுவணும். மழைமானியும் மாடலும் ஒத்துப் போனா ஷீட்ல காரணம் தானா நிரம்பும். ஒத்துப் போகலன்னா மஞ்சள் கலர்ல நிக்கும், சூப்பர்வைசரும் மேஸ்திரியும் ரெண்டு பேரும் சரி பார்த்து டிக் போடணும். ஒருத்தர் மட்டும் போட்டா ஏத்துக்காது.

இப்ப அட்டெண்டன்ஸ் பக்கம் வரேன், உண்மையான வேலை இங்கதான் இருக்கு. ஆப்ல இருக்குறது உள்ள வந்த நேரம், வெளிய போன நேரம், இந்த ரெண்டுதான். மழைக்கு அது பத்தாது. சைட்ல இருந்த நேரம் வேற, வேலை நடந்த நேரம் வேற, நடுவுல ஷெட்ல ஒதுங்கி நின்ன காத்திருப்பு நேரம் வேற. இந்த மூணுக்கும் ஷீட்ல தனித்தனியா மூணு பத்தி போட்டேன். ஆள் 8 மணிக்கு வந்து 6 மணிக்குப் போனாருன்னா சைட்ல இருந்தது முழு நேரம், நடுவுல 4-ல இருந்து 5:30 வரைக்கும் மழைன்னா அது காத்திருப்புன்னு தனியா நிக்கும், அது அவரோட நாள் கணக்குல இருந்து கழிக்கப்படாது. மழை வந்ததும் இனிமே வேலை இல்ல போங்கன்னு 2 மணிக்கே அனுப்பியிருந்தா, போன நேரம் 2 மணின்னு இருக்கும், பக்கத்துல "மழை, அனுப்பப்பட்டார்"னு இருக்கும். அவரா கிளம்பிப் போயிருந்தா அதுவும் இருக்கும். அனுப்பப்பட்டாரா அவரா போனாராங்கிற இந்த ஒரு தகவலை எந்த வானிலை ஏபிஐயும் குடுக்காது, ஆப்ல வெளிய போகும்போது ஒரு கேள்வியா வச்சிருக்கோம், சூப்பர்வைசர் பதில் போடணும்.

எல்லாத்தையும் விட மோசமானது ஆளே வராத நாள். காலைல 6 மணிக்கு மழை வெளுத்து வாங்கும், மேஸ்திரி போன் பண்ணி இன்னைக்கு தளம் இல்ல, வராதீங்கன்னு சொல்லிடுவாரு, யாரும் முகம் காட்ட மாட்டாங்க, ஆப் அத்தனை பேருக்கும் ஆப்சென்ட் போட்டுடும். மாசக் கடைசியில வருகை சதவீதம் குறைவுன்னு சொல்லி வருகைக்குக் குடுக்குற ஊக்கத்தொகையும் போயிடும். இதுக்கு ஒரு சின்ன ரூல் எழுதினேன், ஒரு கேங்ல பாதிக்கு மேல ஆள் வரல, காலைல 5-ல இருந்து 8-க்குள்ள சைட்ல 1 மிமீக்கு மேல மழை, இந்த ரெண்டும் சேர்ந்தா ஆப்சென்ட் எழுதாத, "வேலை நிறுத்தமா?"ன்னு கேள்வியா வை, மேஸ்திரிக்கு மெசேஜ் அனுப்பு. அந்தப் பாதிங்கிறதும் 1 மிமீங்கிறதும் எங்க சைட்டுக்கு நாங்க பேசி வச்சுக்கிட்ட அளவு, எந்தப் புத்தகத்துலயும் இருந்து எடுத்தது இல்ல, வேலைக்கு வேலை அது மாறும். வெளிப்பூச்சுக்கு ஒரு அளவு, தளத்துக்கு ஒரு அளவு, உள் வேலைக்கு அளவே கிடையாது, மழைன்னு சொல்லி டைல்ஸ் கேங்குக்கு ஷீட்ல காரணம் நிரம்பினா அதுவும் தப்புதான்.

காத்துக்கும் மின்னலுக்கும் இந்த முறையை நம்பி இருக்காதீங்க. ஏபிஐ குடுக்குற காத்து வேகம் தரையில இருந்து 10 மீட்டர் உயரத்துக்கு, கிரேனோட நீட்டுக் கை (ஜிப்) நிக்கிற உயரத்துல வேகம் இன்னும் அதிகம், அங்க கிரேன்லயே இருக்குற காத்துமானிதான் பேசணும். மின்னலுக்கு மணி வாரி டேட்டா எதுக்கும் ஆகாது, புனேல இருக்குற வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் (ஐஐடிஎம்) வெளியிட்ட தாமினி ஆப் பக்கத்துல மின்னல் விழுந்தா எச்சரிக்கை குடுக்கும், அதை சூப்பர்வைசர் போன்ல போட்டு வைங்க, இடிச் சத்தம் காதுல விழுந்தாலே ஆளை சாரத்துல இருந்து இறக்கிடுங்க. நேரக் கணக்கு அதுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்.

மழையை விட வெயில் பத்தி நான் அதிகமா யோசிச்சேன். மழை பெஞ்சா வேலை தானா நிக்கும், வெயிலுக்கு யாரும் நிக்க மாட்டாங்க. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபர்ல வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சது. ஆனா சென்னையில நம்மள வதைக்கிறது வெறும் டிகிரி கிடையாது, புழுக்கம். ஆஸ்திரேலிய வானிலைத் துறையோட ஒரு எளிமையான சூத்திரம் இருக்கு, வெப்பமும் ஈரப்பதமும் மட்டும் போட்டா வெட் பல்ப் குளோப் வெப்பநிலையைக் (வெப்பம், ஈரப்பதம், வெயில், காத்து எல்லாம் சேர்ந்து உடம்புக்கு எவ்வளவு சூடுன்னு காட்டுற அளவு) கிட்டத்தட்ட சொல்லும், ஓரளவு பலமான வெயில், லேசான காத்துன்னு வச்சுக்கிட்டு பண்ற கணக்கு, அதனால மேகமூட்டமா இருந்தாலோ காத்து நல்லா அடிச்சாலோ கொஞ்சம் கூடுதலாக் காட்டும். அதுல 40 டிகிரி, 25 சதவீத ஈரப்பதம் போட்டுப் பாருங்க, 33.8 வரும். 35 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் போடுங்க, 37 வரும். வேலூர்ல 40 தொட்டா நியூஸ்ல வரும், கேளம்பாக்கத்துல 35-ன்னா இன்னைக்கு பரவால்லன்னு சொல்லுவோம், ஆனா உடம்புக்குள்ள நடக்குறது தலைகீழ். வேர்வை காயாத இடத்துல உடம்பு சூட்டை இறக்க வேற வழியே இல்ல. அதுலயும் தளத்துல கம்பி மேல உட்கார்ந்து கட்டுறவருக்கு கீழ இருந்தும் சூடு, மேல இருந்தும் சூடு.

இதை மத்த ஊர்ல எப்படிப் பண்றாங்கன்னு பார்த்தா நமக்கு நல்ல மாதிரி கிடைக்குது, அதுவும் நம்ம ஆளுங்க வேலை செய்யுற ஊர்லயே. சிங்கப்பூர்ல 2023 அக்டோபர்ல மனிதவள அமைச்சகம் ஒரு விதிமுறை கொண்டு வந்துச்சு, இந்த வெட் பல்ப் குளோப் அளவு 32-ஐ எட்டினா கடின வேலை செய்யுறவங்களுக்கு மணிக்கு 10 நிமிஷம் ஓய்வு, 33-ஐ எட்டினா 15 நிமிஷம், 50 லட்சம் சிங்கப்பூர் டாலரோ அதுக்கு மேலயோ மதிப்புள்ள கட்டுமான சைட்ல அளக்குற மீட்டர் அங்கேயே இருக்கணும், மணிக்கொரு தடவை பார்க்கணும். கத்தார்ல 2021-ல இருந்து 32.1 தாண்டினா வெளி வேலையை நிறுத்தணும், அது போக ஜூன் 1-ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் காலைல 10-ல இருந்து மதியம் 3:30 வரைக்கும் வெயில்ல வேலையே கூடாது. அங்க புதுக்கோட்டைக்காரருக்கும் ராமநாதபுரத்துக்காரருக்கும் கிடைக்கிற அந்த நிமிஷங்கள் இங்க கேளம்பாக்கத்துல வேலை செய்யுறவருக்கும் கிடைக்கணும்னு கேக்குறது நியாயம்தானே. ஆனா சென்னையில மே மாசம் 32-ங்கிற கோட்டை அப்படியே எடுத்து வச்சா பகல் முழுக்க சிவப்பாத்தான் நிக்கும், அதனால நிறுத்து நிறுத்தாதங்கிற ஒரே கோட்டை விட சிங்கப்பூர் மாதிரி ஓய்வு நிமிஷமா பிரிக்கிறது நடைமுறைக்கு ஒத்து வருது.

நாங்க பண்றது, முந்தின நாள் சாயங்காலம் 6 மணிக்கே மறுநாள் மணி வாரி கணிப்பை எடுத்து, எந்த நேரத்துல புழுக்கம் எவ்வளவுன்னு கணக்குப் போட்டு மேஸ்திரிங்க குரூப்ல மெசேஜ் போயிடும். வெப்பத்துக்கு கணிப்பு மழை அளவுக்கு ஏமாத்தாது. தளம் போடுறதை விடியக்காலைல ஆரம்பிக்கலாம், கம்பி வேலையை நிழல் விழுற பக்கத்துக்கு மாத்தலாம், மதியம் உள் வேலை குடுக்கலாம். சரி, ஓய்வு நிமிஷம் குடுத்தாச்சுன்னா அதை ஆப் என்ன பண்ணும்? இங்க ஒரு செட்டிங் இருக்கு, எல்லாரும் உடனே போய்ப் பாருங்க. நிறைய டைம் டிராக்கிங் ஆப்ல இடைவேளையை தானா கழிக்கிற ஆப்ஷன் இருக்கும், அது ஆன்ல இருந்தா வெயிலுக்குக் குடுத்த ஓய்வும் கூலியில இருந்து போயிடும், அப்புறம் யாரும் ஓய்வே எடுக்க மாட்டாங்க. வெப்ப ஓய்வுன்னு தனியா ஒரு வகை போட்டு அதை கூலி உள்ள நேரமா வைக்கணும். இதை முதலாளிகிட்ட வாங்குறதுக்கு நான் காட்டினது அவங்க பேப்பரையே தான், ஹின்ட்ரன்ஸ் ரெஜிஸ்டர்ல மணி வாரி மழைமானி கணக்கோட, அனுப்பப்பட்ட ஆள் எண்ணிக்கையோட ஒரு பக்கம் போனா அது எவ்வளவு வலுவா நிக்கும்னு. அதே பக்கம்தான் சம்பளச் சீட்டுக்கும் போகும், மேல ஒண்ணு கீழ ஒண்ணு எழுத முடியாது.

பதிவு இருந்தா பணம் வர வழி இருக்குங்கிறதுக்கு இந்தியாவுலயே உதாரணம் இருக்கு. டெல்லியில காத்து மாசு அளவு கூடினா கிராப்ங்கிற மாசுத் தடுப்புத் திட்ட விதிப்படி கட்டட வேலையை நிறுத்திடுவாங்க, 2024-ல உச்ச நீதிமன்றம் வேலை இழந்த கட்டுமானத் தொழிலாளர்களுக்கு கட்டடம் கட்டுறவங்ககிட்ட வசூலிச்சு நல வாரியத்துல சேர்ந்திருக்குற செஸ் வரிப் பணத்துல இருந்து உதவித்தொகை குடுக்கச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. குஜராத்ல சேவாங்கிற பெண் தொழிலாளர் அமைப்பு 2023-ல வெப்பக் காப்பீடு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டி தொடர்ந்து நின்னா, யாரும் விண்ணப்பம் போடாமலே உறுப்பினர் பெண்களோட பேங்க் கணக்குக்குப் பணம் போகும். நம்ம தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால மாசங்களுக்குன்னு அரசு 5,000 ரூபாய் குடுக்குது, மீன்பிடித் தடைக்காலம் 61 நாளுக்கும் மீனவர்களுக்கு நிவாரணம் இருக்கு. தன் கையில இல்லாத காரணத்தால வேலை போனா அது தொழிலாளியோட குத்தம் இல்லன்னு ஒத்துக்கிட்ட இடங்கள் இதெல்லாம். பிரான்ஸ்ல 1946-ல இருந்தே கட்டுமானத் துறைக்குன்னு வானிலை இழப்பீட்டுச் சட்டம் இருக்கு, அங்க வேலை செய்யுற ஈழத்துத் தம்பிங்க யாராவது இதைப் படிச்சா அது நடைமுறையில எப்படின்னு எழுதுங்க, எனக்கு ரொம்ப உதவியா இருக்கும்.

ரெண்டு விஷயம் கறாரா சொல்லணும். வானிலை எடுக்க சைட்டோட அட்சரேகை தீர்க்கரேகை போதும், ஆளோட போன் ஜிபிஎஸ் தேவையே இல்ல. சில டூல் இணைக்கும்போது ஆள் இருக்குற இடத்தைக் கேக்கும், குடுக்காதீங்க, முகப் படத்தை ஏற்கனவே ஆப்ல வச்சிருக்கோம், அவங்க ராத்திரி எங்க தூங்குறாங்கங்கிறது வரைக்கும் நமக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்ல. ரெண்டாவது, ஷீட் ஆபீஸ்ல மட்டும் இருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை ராத்திரி ஒவ்வொரு கேங் குரூப்புக்கும் அந்த வாரத்துக் கணக்கு தமிழ்லயும் இந்தியிலயும் போயிடும், பேருக்குப் பதிலா டோக்கன் நம்பர், எத்தனை மணி நேரம் வேலை, எத்தனை மணி நேரம் காத்திருப்பு, என்ன காரணம். படிக்க வராதவங்களுக்கு மேஸ்திரி வாய்ஸ் நோட் போடுறாரு. சனிக்கிழமை காசு கையில வாங்குறதுக்கு முன்னாடி சண்டை போட அவங்களுக்கு ஒரு ராத்திரி டைம் இருக்கணும்னுதான் வெள்ளிக்கிழமை.

இன்னும் தீராத ஒண்ணு அளவுக் கூலி கேங். டன் கணக்குல கம்பி கட்டுறவங்க, சதுர அடி கணக்குல பூசுறவங்க. அவங்களுக்கு மணி நேரம்ங்கிறதே கணக்குல கிடையாது, நின்னா அவங்க காசு நிக்கும், அதனால மெசேஜ்ல என்ன சிவப்பு போட்டு அனுப்பினாலும் மதியம் 1 மணி வெயில்ல கம்பி மேலதான் இருப்பாங்க. இவங்களுக்கு ஆட்டோமேஷன்ல தீர்வு இல்ல, ரேட் பேசும்போதே மழை காத்திருப்புக்கும் வெப்ப ஓய்வுக்கும் ஆளுக்கு மணிக்கு இவ்வளவுன்னு தனி வரி சேர்க்கணும், அந்த மணியைத்தான் ஷீட் எண்ணித் தரும். அடுத்த பிளாக்குக்கு கம்பி கேங்கோட ரேட் பேச்சு நடந்துட்டு இருக்கு, அந்த வரியை சேர்க்கச் சொல்லி மேஸ்திரியும் நானும் எழுதிக் குடுத்திருக்கோம். வேற சைட்ல யாராவது இந்த மாதிரி ஒப்பந்தத்துல எழுதி வாங்கியிருந்தா அந்த வரியை மட்டும் அனுப்புங்க, ஷீட்டும் ஸ்கிரிப்டும் கேக்குறவங்களுக்கு நான் அனுப்புறேன்.